பாதியில் நிற்கும் நட்சத்திரம்



போன வாரம் நான் பதிவிட்ட துணியின் படத்தைப் பார்த்துவிட்டு, "டீச்சர், அந்த நட்சத்திரம் ஏன் பாதியிலேயே நிற்கிறது?" என்று சிலர் கேட்டிருந்தீர்கள். இரண்டு வரியில் பதில் சொல்ல முடியவில்லை. வரலாறு நடத்திய பழக்கம் விடுமா? கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன். பொறுமை உள்ளவர்கள் படியுங்கள்.

அது என் அக்கா போட்ட கிராஸ் ஸ்டிச். ஒவ்வொரு வருடமும் ஆகஸ்ட் பாதியில் ஒரு கிறிஸ்துமஸ் துணியைத் தொடங்கி, டிசம்பர் 24 இரவுக்குள் முடித்து, மறுநாள் காலையில் மேசையில் விரிப்பது அவர்கள் வழக்கம். போன வருடத் துணி முடியவில்லை. பனி மூடிய நாலு வீடு, ஒரு கோயில், ஊசியிலை மரங்கள் எல்லாம் ஆகிவிட்டன. மேலே இருக்க வேண்டிய நட்சத்திரத்தில் இரண்டு முனைதான் வந்திருந்தது. நவம்பரில் அக்கா போய்விட்டார்கள். ஊசி நூலோடு துணியிலேயே குத்தியபடி இருந்தது.

அக்கா மகள் அதை அப்படியே மடித்து எடுத்துவந்து, "சித்தி, இந்தக் கிறிஸ்துமஸுக்குள்ள நீங்கதான் முடிச்சுத் தரணும்" என்றாள். அவள் அண்ணனோ ஃபோனில், "அம்மா விட்ட இடத்துலயே இருக்கட்டும் சித்தி, அப்படியே கண்ணாடி போட்டு மாட்டிரலாம்" என்கிறான். இரண்டு பேரும் இதைப் படிப்பார்கள் என்று தெரிந்துதான் எழுதுகிறேன்.

எனக்கு ஒரு முடிவுக்கு வரத் தெரியவில்லை என்றால் புத்தகத்தைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்துவிடுவேன். இதற்கும் அதைத்தான் செய்தேன்.

இங்கிலாந்தில் ஒரு காலத்தில் தையல் மாதிரிகளைத் துணியிலேயே போட்டுச் சுருட்டி வைத்துக்கொள்வார்கள். சாம்ப்ளர் என்று பெயர். அங்கே தேதியோடு கிடைத்திருப்பதில் மிகப் பழையது ஜேன் பாஸ்டாக் என்பவர் 1598-ல் போட்டது. லண்டன் விக்டோரியா ஆல்பர்ட் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ஆலிஸ் லீ என்ற குழந்தை 1596 நவம்பர் 23 அன்று பிறந்த செய்தி அதில் தைத்திருக்கிறது. பிறந்தது 96, துணியில் உள்ள ஆண்டு 98! குழந்தைக்கென்று தொடங்கி, குழந்தை ஓடி விளையாடும்போது முடிப்பது நம் வீட்டு வழக்கம் மட்டும்தான் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன்.

பின்னால் இந்தச் சாம்ப்ளர் பள்ளிக்கூடத்துக்குள் வந்துவிட்டது. 18, 19-ஆம் நூற்றாண்டுகளில் சிறுமிகள் எழுத்துகளையும் எண்களையும் பெருக்கல் குறிகளாகத் தைத்துப் பழகினார்கள். காரணம் அழகு மட்டுமல்ல. பெரிய வீடுகளில் படுக்கை விரிப்பு, துவாலை ஒவ்வொன்றிலும் வீட்டுக்காரர் பெயரின் முதலெழுத்தும் வரிசை எண்ணும் இந்தத் தையலில்தான் போடப்படும். வெளுக்கப் போட்ட துணி கணக்குத் தவறாமல் திரும்பி வர வேண்டுமே. அதைப் போடத் தெரிந்த பெண்ணுக்கு வேலை கிடைக்கும். நம் சலவைக்காரர்கள் சேங்கொட்டை மையால் குறி போட்டதை அவர்கள் ஊசியால் செய்தார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அக்கா போட்ட மாதிரியான பண்டிகைப் படங்கள் அவ்வளவு பழையவை அல்ல. அந்தப் பண்டிகைக் கோலமே பிந்தி வந்ததுதான். முதல் கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டையை ஹென்றி கோல் அச்சடித்தது 1843-ல். விக்டோரியா மகாராணி குடும்பம் கிறிஸ்துமஸ் மரத்தைச் சுற்றி நிற்கும் படம் லண்டன் பத்திரிகையில் வந்தது 1848-ல். அதற்குப் பிறகுதான் அந்த மரம் அங்கே வீட்டுக்கு வீடு பரவியது. (ஜேன் பாஸ்டாக் துணி இருக்கும் அருங்காட்சியகத்துக்கு முதல் இயக்குநரும் இதே ஹென்றி கோல்தான்.) அதே நூற்றாண்டின் தொடக்கத்தில் பெர்லினில் ஒரு புது வியாபாரம் கிளம்பியிருந்தது. கட்டம் போட்ட தாளில், ஒரு கட்டம் ஒரு தையல் என்று வண்ணம் தீட்டி விற்றார்கள். வரையத் தெரியாதவர்களும் எண்ணத் தெரிந்தால் போதும் என்றாயிற்று. 1856-ல் வில்லியம் பெர்கின் செயற்கைச் சாயத்தைக் கண்டுபிடித்ததும் கண்ணைப் பறிக்கும் ஊதாவும் சிவப்பும் சேர்ந்துகொண்டன. அந்த நூற்றாண்டின் கடைசியில் ஜெர்மனியில் ஸ்வைகார்ட் கம்பெனி, சதுரம் சதுரமாக ஓட்டை தெரியும்படி நெய்த ஐடா துணியைக் கொண்டுவந்தது. நாம் கடையில் மேட்டி துணி என்று கேட்டு வாங்குவதும் இதே வகைதான். பிரான்சின் டி.எம்.சி. கம்பெனி நூலுக்குப் பேர்போனது. தெரேஸ் த தில்மோன் எழுதி 1886-ல் வந்த தையல் கலைக்களஞ்சியத்தை உலகமெங்கும் கொண்டுபோனதும் அவர்கள்தான்.

திருநெல்வேலி வெயிலில் உட்கார்ந்துகொண்டு அக்கா வருடா வருடம் பனி தைத்தது இந்த வழியாக வந்ததுதான். "இந்த வெள்ளை நூலுக்குப் பதிலாக ரெண்டு பனைமரம் போடக்கூடாதா?" என்று கேலி செய்வேன். "பனியைத் தொட்டுப் பாக்கப் போறதில்ல, தைச்சாவது பாத்துக்கிடுதேன்" என்பார்கள்.

ஊசி வேலைக்கும் நம் பக்கத்துக்கும் பழைய தொடர்பு உண்டு. 1819-ல் நாகர்கோவிலுக்கு வந்த மார்த்தா மால்ட் அம்மையார் பெண்களுக்கு லேஸ் பின்னக் கற்றுக்கொடுத்தார். அந்த வருமானத்தில் அடிமைப் பெண்கள் சிலர் தங்களை மீட்டுக்கொண்டார்கள். அவர் மகள் எலைசா 1844-ல் கால்டுவெல் ஐயரை மணந்து இடையன்குடிக்குப் போனபோது லேஸும் கூடவே போனது. லேஸ் வேறு, கிராஸ் ஸ்டிச் வேறு. எண்ணிப் போடும் தையல் வேண்டுமென்றால் நீலகிரித் தோடர்களின் சிவப்பு கறுப்புப் பூவேலையைப் பாருங்கள். படம் வரையாமல் இழையை எண்ணியே போடுகிறார்கள். கர்நாடகத்துக் கசூதியில் மெந்தி என்று ஒரு தையல் இருக்கிறது. மெந்தி என்றால் வெந்தயம். அது சாட்சாத் கிராஸ் ஸ்டிச்சேதான்.

சரி, பாதியில் நிற்கும் துணிக்கு வருகிறேன்.

இதே லண்டன் அருங்காட்சியகத்தில் இன்னொரு சாம்ப்ளர் இருக்கிறது. 1830-ஐ ஒட்டி, சசெக்ஸ் பகுதியைச் சேர்ந்த எலிசபெத் பார்க்கர் என்ற இளம்பெண் போட்டது. பூ கிடையாது, பறவை கிடையாது, ஓரக்கரை கூடக் கிடையாது. வெள்ளை லினன் துணியில் சிவப்புப் பட்டு நூலால், நெருக்கமான சின்னச் சின்ன கிராஸ் ஸ்டிச்சில், வரி வரியாகத் தன் கதையைத் தைத்திருக்கிறாள். வேலைக்குப் போன வீட்டில் எஜமானன் செய்த கொடுமை, உயிரை விட்டுவிடலாம் என்று தோன்றிய எண்ணம், அந்த எண்ணமே பாவமாயிற்றே என்ற பயம், எல்லாம் அதில் இருக்கின்றன. கடைசியில் தன் ஆத்துமா என்ன ஆகுமோ என்று கேட்கும் இடத்தில் வாக்கியம் பாதியில் நிற்கிறது. அதற்குக் கீழே துணி வெறுமையாக இருக்கிறது.

இதை முதலில் படித்தபோது அந்தப் பெண் அத்தோடு செத்துப்போயிருப்பாள் என்றே நினைத்தேன். வெறும் துணியைப் பார்த்தால் யாருக்கும் அப்படித்தான் தோன்றும். ஆனால் ஆய்வாளர்கள் பழைய பதிவேடுகளைத் தேடிப் பார்த்திருக்கிறார்கள். அவள் சாகவில்லை. பள்ளி ஆசிரியையாகி, 76 வயதுவரை வாழ்ந்து 1889-ல்தான் இறந்தாள். ஏறக்குறைய அறுபது ஆண்டுகள் இருந்தும் துணியில் அதற்குமேல் எழுதவில்லை. ஆசிரியை என்று படித்ததும் நான் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டேன்.

அக்காவின் மகன் சொல்வதில் நியாயம் இருக்கிறது என்று அன்று ராத்திரி தோன்றியது. விட்ட இடமும் போட்டவர் சொன்ன செய்திதானே.

ஆனால் எலிசபெத் தானே நிறுத்தினாள். அக்கா நிறுத்தவில்லை. நூல் கோத்த ஊசியைக் குத்திவைத்துவிட்டுப் போனவர்கள் நாளைக்கு வந்து தொடரத்தான் குத்திவைக்கிறார்கள்.

இன்னொன்றும் கண்ணில் பட்டது. அக்கா கிராஃப் தாளில் முடித்த கட்டங்களைப் பென்சிலால் அடித்துக்கொண்டே வருவார்கள். அங்குலத்துக்கு 14 கட்டம் உள்ள துணி, படம் பத்துக்குப் பத்து அங்குலம். அப்படியென்றால் மொத்தம் 19,600 கட்டம். எல்லாக் கட்டத்திலும் தையல் வராது என்றாலும், மணிக்கு நூறு போடும் கைக்கு ஆகஸ்டில் தொடங்கினால்தான் டிசம்பரில் முடியும். தாளின் ஓரத்தில் ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமைக்கும் எத்தனை என்று எழுதியிருக்கிறார்கள். செப்டம்பரில் அறுநூறு, எழுநூறு. அக்டோபர் கடைசியில் முந்நூறு. பிறகு நூற்றிருபது. உடம்பு முடியவில்லை என்று எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லாதவர்கள் அங்கே எழுதி வைத்திருக்கிறார்கள். அந்தத் தாளை அப்போதே யாராவது பார்த்திருக்கக் கூடாதா?

முடிப்பது என்று தீர்மானித்தேன். அதிலும் ஒரு சிக்கல். கிராஸ் ஸ்டிச்சில் மேலே வரும் கோடு துணி முழுக்க ஒரே பக்கம் சாய வேண்டும். அக்காவின் மேல் கோடு கீழிருந்து வலப்பக்கமாக ஏறும். என் கைக்கு இடப்பக்கம்தான் வரும். முதல் நாள் நாற்பது தையல் போட்டு வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால், அக்கா போட்டது ஒரு பளபளப்பு, நான் போட்டது ஒரு பளபளப்பு. அத்தனையும் பிரித்தேன். மருமகள் ஒருத்தி, "யாரு பெரியம்மா இதையெல்லாம் உத்துப் பாக்கப் போறா?" என்றாள். நான் பார்ப்பேனே.

இப்போது அக்கா மாதிரியே சாய்த்துப் போடப் பழகிக்கொண்டிருக்கிறேன். ஊசியில் மிச்சமிருந்த நூலை எடுக்கவில்லை. அது தீர்ந்த இடத்திலிருந்துதான் என் நூல். அக்கா மகனுக்கு ஒரு வார்த்தை: கீழ் ஓரத்தில் உன் அம்மா பெயரின் முதலெழுத்தும் போன வருடமும் வரும். அதன் பக்கத்தில், அதைவிடச் சின்னதாக, என் எழுத்தும் இந்த வருடமும். கண்ணாடி போட்டு மாட்டுவதா, மேசையில் விரிப்பதா என்பதை நீயும் தங்கச்சியும் பேசிக்கொள்ளுங்கள்.

நேற்றுவரை நட்சத்திரத்தில் மூன்றாவது முனை முடிந்தது. 186 தையல். மஞ்சள் நூல் ஒரு கட்டு குறைகிறது. பாளையங்கோட்டைப் பக்கம் யாராவது வருவதாக இருந்தால் சொல்லுங்கள், நம்பர் அனுப்புகிறேன்.