வாக்கி டாக்கி உரிமம் (கோட்டுச்சேரி)

காரைக்கால் பகுதியிலுள்ள கோட்டுச்சேரியிலிருந்து தரங்கம்பாடி சாலையில் போய் நண்டலாற்றைத் தாண்டினால் புதுச்சேரி ஆட்சிப்பகுதி முடிந்து தமிழ்நாடு வந்துவிடும். பெட்ரோல் விலை மாறும், மது விலை மாறும். வானலைக்கான சட்டம் மாறாது. கம்பியில்லாத் தொடர்பு அரசமைப்பின் ஒன்றியப் பட்டியலில் 31ஆவது இனம் என்பதால் ஆற்றின் இரு கரையிலும் டெல்லி வைத்ததே சட்டம்.

முன்பு அப்படியில்லை. பிரிட்டிஷ் இந்தியா 1933இல் கம்பியில்லாத் தந்திச் சட்டத்தைக் கொண்டுவந்தபோது காரைக்கால் பிரெஞ்சுக்காரர் கையில் இருந்தது. 1954 நவம்பர் 1 வரை அவர்களிடமே இருந்தது. அந்தச் சட்டம் பேசுவதற்கு மட்டுமல்ல, கருவியை வைத்திருப்பதற்கே உரிமம் கேட்டது. பாட்டுக் கேட்கும் ரேடியோ பெட்டிக்குக்கூட ஆண்டுதோறும் தபால் ஆபீசில் பணம் கட்டி, சின்னப் புத்தகத்தில் வில்லை ஒட்டி வாங்கி வந்த காலம் உண்டு. அந்தத் தொல்லை 1980களில் ஒழிந்தது. பேசும் கருவிக்கு ஒழியவில்லை. அந்தச் சட்டப்படி, உரிமமில்லாமல் அதை வைத்திருந்தால் மூன்றாண்டு வரை சிறை விதிக்க இடமிருந்தது.

அமெரிக்கா தன் பொதுமக்கள் அலைவரிசைக்கு 1983இலேயே உரிமத்தைக் கைவிட்டது. இந்தியாவில் 2005இல்தான் 27 மெகாஹெர்ட்ஸை ஒட்டிய அலைவரிசையில் 5 வாட் வரை விலக்கு வந்தது. கடைகளில் இன்று கிடைக்கும் சிறு வாக்கி டாக்கிகளுக்கு வழிவிட்டது 2018ஆம் ஆண்டு விதி: 446.0 முதல் 446.2 மெகாஹெர்ட்ஸ் வரை, குறைந்த திறனில், உரிமம் வேண்டாம்.

பலர் வழுக்கி விழுவது இங்கேதான். விலக்கு அந்தக் குறுகிய அலைவரிசைக்கு. கையில் பிடிக்கும் எல்லாச் செட்டுக்கும் அல்ல. எண்பலகையை அழுத்தி 400இலிருந்து 470 மெகாஹெர்ட்ஸ் வரை எங்கே வேண்டுமானாலும் போகும் கறுப்புச் செட்டு, பெட்டியில் என்ன அச்சிட்டிருந்தாலும், விலக்குக்குள் வராது. விலக்குள்ள செட்டுக்கும் வகை ஒப்புதல் சான்று வேண்டும். இணையக் கடைகள் இதையெல்லாம் சொல்லாமலே விற்றதால், மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2025இல் வழிகாட்டு நெறிகளை வெளியிட்டது: அதிர்வெண் என்ன, உரிமம் வேண்டுமா என்பதை விற்பவர் பட்டியலிலேயே காட்டியாக வேண்டும்.

கோட்டுச்சேரிமேடு போன்ற மீனவ ஊர்களில் ‘வயர்லெஸ்’ என்றால் அது வேறு சாதி. கடல்சார் வி.எச்.எஃப். செட்டு விலக்கில் சேராது. அதற்குத் தனி உரிமம் உண்டு. அதன் 16ஆம் சேனல், 156.8 மெகாஹெர்ட்ஸ், உலகெங்கும் ஆபத்துக் குரலுக்கென்று ஒதுக்கப்பட்டது. அதில் ஊர்க்கதை பேசக் கூடாது.