தேயிலைப் பெட்டியும் முக்காலியும்

ஃபின்லாந்து தேசத்துக் கட்டடக் கலைஞர் ஆல்வார் ஆல்டோ 1933இல் வகுத்த முக்காலி, 38 சென்டிமீட்டர் விட்டமும் 44 சென்டிமீட்டர் உயரமும் உடையதாய், பர்ச் மரக்காலின் தலைப்பை வாளால் நெடுக அறுத்து, அவ்விடுக்குகளில் மெல்லிய பலகைச் சீவல்களைப் பசையிட்டுச் செருகி வளைத்துச் செய்யப்பட்டதாய், நவீன ஆசனங்களுள் பிரசித்தி பெற்று விளங்குகிறது. அவ்வாண்டே அவருடைய ஆசனங்களைக் காட்சிக்கு வைத்த லண்டன் ஃபோர்ட்னம் அண்ட் மேசன், தேயிலை வியாபாரத்தில் பேர்போன கடை என்பது ஒரு வேடிக்கை.

அதனினும் நெருங்கிய சம்பந்தம் ஒன்று உண்டு. எஸ்தோனியாவின் தாலின் நகரில் ஒட்டுப்பலகையால் நாற்காலி இருக்கைகள் செய்துவந்த லூத்தர் தொழிற்சாலை, தேயிலைப் பெட்டிக்குரிய பலகைகளையும் வெனெஸ்டா கம்பெனியின் வழியே கடல் கடந்து அனுப்பியது. அந்த வெனெஸ்டாவில் உத்தியோகம் பார்த்த ஜாக் பிரிட்சார்டே பின்னர் ஐசோகோன் என்னும் பெயரில் ஒட்டுப்பலகை ஆசனங்களைச் சந்தைக்குக் கொணர்ந்தார். ஆகையால் லண்டன் சீமான்கள் மெச்சிய ஆசனத்துக்கும், இலங்கை மலைநாட்டு லிந்துலையின் தேயிலைத் தொழிற்சாலைகளில் கொழுந்து வறண்டு தூளாகி அடைபட்ட பெட்டிக்கும் பலகை வழியில் உறவு சொல்லலாம்.

1885இல் இருப்புப்பாதை நானுஓயாவை எட்டியபின் லிந்துலைத் தேயிலை பெட்டி பெட்டியாகத் தலவாக்கலை ஸ்டேஷனில் ரயிலேறியது. உள்ளே ஈயத்தாள், விளிம்பெல்லாம் சிற்றாணி அறைந்த தகரப் பட்டை, முகப்பில் தோட்டத்தின் பெயரும் தேயிலையின் தரமும் நிறையும் மையால் அச்சிட்ட எழுத்து. இவ்வளவும் கொண்ட பெட்டி ஏறக்குறைய 20 அங்குலச் சதுரமான அடிப்பாகமும் 30 அங்குல உயரமும் உடையதாய் இருந்தது. இரண்டாம் உலகப் போரில் வெளிநாட்டுப் பலகை வரத்துத் தடைப்படவே, காலிக்கு அருகே கிந்தோட்டையில் ஒட்டுப்பலகைத் தொழிற்சாலை எழுந்தது.

உடைந்து கழிக்கப்பட்ட பெட்டி தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்துக்கு வந்தால் துணி வைக்கும் பேழையாகும், படுக்கவைத்தால் ஆசனமுமாகும். 20 அங்குல உயரம் ஆல்டோவின் அளவைவிட இரண்டரை அங்குலத்துக்கு மேல் அதிகமாதலால் குள்ளமானவருக்குக் கால் தரையில் படாது என்றாலும், 10 அடிக்கு 12 அடி லயத்து அறையாகிய காம்பராவில், ஒரே பொருள் பகலில் இருக்கையாகவும் இரவில் பெட்டகமாகவும் உதவுவதைக் காட்டிலும் சௌகரியம் வேறென்ன வேண்டும்? அடுப்படியில் குந்துவதற்கு அது ஆகாது. அதற்குச் சில அங்குலமே உயரமுள்ள பலகைக்கட்டைதான் பொருத்தம். இஸ்தோப்பு என்னும் முன்திண்ணையில் விருந்தாளிக்கு இடுவதற்கே பெட்டி தக்கது. பிற்காலத்தில் கெட்டிக் காகிதப் பைகள் வந்து அதன் இடத்தைப் பிடித்துக்கொண்டன. அவற்றின்மேல் யாரும் உட்கார முடியாது.