பழி ஓரிடம், காரணம் ஓரிடம்

பதுளையை நோக்கிச் செல்லும் புகைவண்டி எல்ல நிலையத்தை விட்டு நீங்கித் தெமோதரைக்குச் செல்லும் வழியில், ஒன்பது வளைவுப் பாலத்தின்மீது மெல்ல ஊர்ந்து செல்லும்பொழுது, இருமருங்கிலும் தோன்றுவது தேயிலையின் பசுமையே ஆகும். அப்பசுமையைக் காண்போர், அது மலைக்கு இயல்பாகவே வாய்த்த போர்வை என்று எண்ணுவர். உண்மை அதுவன்று. நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன்னர் இம்மலைகளில் நின்ற பயிர் வேறு. அது அழிந்த வரலாறும் வேறு. அவ்வரலாற்றைக் கூர்ந்து நோக்கின், ஊவா மலைகளில் பயிருக்கும் மனிதருக்கும் நேர்ந்த துன்பங்களுக்குக் கற்றோரும் கல்லாதோரும் ஒருங்கே தவறான காரணங்களைக் கற்பித்து வந்தமையும், இரசாயன அறிவும் உயிரியல் அறிவும் அத்தவறுகளை ஒவ்வொன்றாகக் களைந்தமையும் புலப்படும். "பழி ஓரிடம், பாவம் ஓரிடம்" என்பது முதுமொழி. ஊவாவின் கதையில் பழி ஓரிடத்திலும் காரணம் வேறோரிடத்திலும் இருந்தன.

முதலாவது கதை கோப்பியைப் பற்றியது. 1869ஆம் ஆண்டில், ஊவாவைச் சேர்ந்த மடுல்சீமைப் பகுதியிலுள்ள ஒரு தோட்டத்தில், கோப்பி இலைகளின் அடிப்புறத்தில் செம்மஞ்சள் நிறப் பொடி படிந்திருப்பதைக் கண்டனர். இலைகள் உதிர்ந்தன, காய்ப்புக் குறைந்தது. பேராதனைத் தாவரத் தோட்டத்தின் தலைவராயிருந்த துவைற்ஸ் நோயுற்ற இலைகளை இங்கிலாந்துக்கு அனுப்பினார். அயர்லாந்தின் உருளைக்கிழங்கு நோய்க்கு ஒரு பூஞ்சணமே காரணம் என்று முன்னரே வாதாடியவரான பேர்க்கிலி என்னும் அறிஞர் அவற்றை ஆராய்ந்து, இதுவும் ஒரு பூஞ்சணமே என்று கூறி, அதற்கு ஹெமிலேயா வாஸ்டாட்ரிக்ஸ் என்று பெயரிட்டார்.

பெயர் கிடைத்தது, ஆயினும் தெளிவு கிடைக்கவில்லை. மண் வலுவிழந்துவிட்டது என்றனர் சிலர். பருவம் பிழைத்தது என்றனர் வேறு சிலர். மரம் மெலிந்தமையாலே பூஞ்சணம் பற்றியது, பூஞ்சணம் பற்றியமையால் மரம் மெலியவில்லை என்பது பலரது துணிபு. ஆகவே மரத்தைக் கொழுக்கவைத்தால் நோய் நீங்கும் என்று எருவிட்டனர். எருவிட்ட மரம் புதிய தளிர்களை ஈன்றது. அத்தளிர்களே நோய்க்குப் புதிய உணவாயின.

1880இல் இலங்கை அரசாங்கத்தின் அழைப்பில் வந்த ஹரி மார்ஷல் வார்ட் என்னும் இளம் அறிஞர், ஏறத்தாழ ஈராண்டுகள் இந்நோயை ஆராய்ந்தார். பூஞ்சணத்தின் நுண்வித்துகள் ஈரமான இலையில் முளைத்து, இலையின் அடிப்புறத்திலுள்ள துளைகள் வழியாக உள்ளே நுழைவதை அவர் காட்டினார். பசைத்தன்மையுள்ள பொருள் பூசிய கண்ணாடித் துண்டுகளைத் தோட்டங்களில் நிறுத்தி, காற்றே அவ்வித்துகளைச் சுமந்து செல்கின்றது என்பதையும் நிறுவினார். மலைக்கு மலை இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டமையால் காற்றுக்கு வழியமைத்துக் கொடுத்தவர் மனிதரே என்பது அவரது முடிவின் சாரம். குணமாக்கும் மருந்தை எதிர்பார்த்திருந்த தோட்டத்துரைமார் அம்முடிவை விரும்பவில்லை. ஆனால் அவர் கூறியதே உண்மை. அந்நூற்றாண்டு முடிவதற்குள் இலங்கையின் கோப்பிப் பெருந்தோட்டங்கள் அழிந்தன. 1867இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் பயிரிட்டுக் காட்டிய தேயிலை அவ்விடத்தைப் பிடித்துக்கொண்டது.

இரண்டாவது கதை மனிதரைப் பற்றியது; ஆதலின் முன்னையதிலும் கொடியது. தென்னிந்தியக் கிராமங்களிலிருந்து வந்து இத்தோட்டங்களில் உழைத்த தமிழ் மக்களுள் பலர் வெளிறிய முகத்தோடும் வீங்கிய கால்களோடும் காணப்பட்டனர். சிறிது தூரம் ஏறினாலே மூச்சு வாங்கும், கூடை கனக்கும், பிரட்டுக்களத்திற்கு நேரத்தில் வர இயலாது. இதற்குக் காரணம் கூறியோர் பலர். மலைத் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை என்றனர் மக்கள். கங்காணியும் துரையும் பெரும்பாலும் கூறிய காரணம் ஒரே சொல்லில் அடங்கும்: சோம்பல்.

வைத்தியரும் தெளிந்தாரில்லை. இலங்கையின் முதன்மைச் சிவில் வைத்திய அதிகாரியாயிருந்த கின்சி 1887இல் இந்நோய் பற்றி ஓர் அறிக்கை வெளியிட்டார். "சோகை அல்லது பெரிபெரி" என்று அதன் தலைப்பிலேயே இருவேறு நோய்கள் ஒன்றாக வைக்கப்பட்டிருந்தன. பெரிபெரி என்பது தீட்டிய அரிசியை மட்டுமே உண்போருக்கு உயிர்ச்சத்துக் குறைவினால் வருவது. தோட்டத்துச் சோகையோ பெரும்பாலும் குடலில் வாழும் கொழுக்கிப் புழுவினால் வந்தது.

அப்புழு உலகம் அறியாததன்று. மிலான் நகரில் டுபினி என்னும் வைத்தியர் 1838இலேயே அதனைக் கண்டிருந்தார். ஆல்ப்ஸ் மலையில் கொத்தார்ட் சுரங்கப் பாதையைக் குடைந்த தொழிலாளர் 1880 அளவில் கூட்டங்கூட்டமாக வெளிறி மெலிந்தபோது, சுரங்கத்தின் கெட்ட காற்றே காரணம் என்று முதலிற் கூறப்பட்டது. பின்னர் அவர்களது குடலிலும் இப்புழுவே காணப்பட்டது. அது உடலினுட் புகும் வழி மட்டும் விளங்காதிருந்தது. கெய்ரோ நகரில் ஆராய்ந்துகொண்டிருந்த லூஸ் என்னும் அறிஞரின் கைமீது, புழுவின் குஞ்சுகள் கொண்ட நீர் தற்செயலாகச் சிந்தியது. பட்ட இடம் சிவந்து அரித்தது. சில வாரங்கள் கழிந்தபின் அவர் தம் மலத்தைச் சோதித்தபோது, அதிற் புழுவின் முட்டைகள் இருந்தன. வாயின் வழியாக மட்டுமே நோய் புகும் என்ற எண்ணம் அன்று பொய்த்தது. 1898இல் அவர் இதனை வெளியிட்டார்.

தோட்டத்து நிலைமை இதனால் விளங்கிற்று. நோயுற்றவரின் மலத்தோடு வெளியேறும் முட்டைகள், வெப்பமும் ஈரமும் நிழலும் சேர்ந்த மண்ணில் பொரிக்கின்றன. குளிர் மிகுந்த உச்சி மலைகளிலும் பார்க்க, இடைப்பட்ட உயரங்களில் அவை எளிதில் வளர்கின்றன. வெறுங்காலோடு நடப்பவரின் தோலைத் துளைத்து உட்புகும் குஞ்சு, குருதியோட்டத்தோடு நுரையீரலை அடைந்து, தொண்டைக்கு ஏறி, விழுங்கப்பட்டுக் குடலை அடைகின்றது. ஒரு புழு ஒரு நாளில் உறிஞ்சும் குருதி ஏறத்தாழ ஒரு துளியே. ஆனால் புழுக்கள் நூற்றுக்கணக்கானவை, நாள்களும் நூற்றுக்கணக்கானவை. குருதியோடு இரும்புச் சத்தும் போய்விடுகின்றது. இரும்பில்லாத குருதி ஒட்சிசனைப் போதிய அளவு சுமப்பதில்லை. கூடை கனத்தமைக்குக் காரணம் மனமன்று, குருதியே. இதே நோயைப் பற்றி 1902இல் அமெரிக்கச் செய்தித்தாளொன்று எழுதியபோது, அதனைச் "சோம்பலின் கிருமி" என்றே குறித்தது. பழி அத்துணை எளிதில் நீங்குவதில்லை.

1916இல் ரொக்பெல்லர் நிறுவனத்தின் சர்வதேசச் சுகாதாரச் சபை, அரசாங்கத்தோடும் தோட்டங்களோடும் இசைந்து, மாத்தளைப் பகுதியில் கொழுக்கிப் புழு ஒழிப்பு வேலையைத் தொடங்கிற்று. மருந்து கொடுத்தனர், புழுக்கள் வெளியேறின, முகம் தெளிந்தது. ஆயினும் சிறிது காலத்தில் நோய் மீண்டது. மருந்துக்கு இசைந்த தோட்ட நிர்வாகங்கள் பல, மலசலகூடங்கள் கட்டுவதற்குப் பணம் செலவிடத் தயங்கின என்பதே அதன் காரணம். குடலிலுள்ள புழுவை மருந்து கொல்லும். மண்ணிலுள்ள குஞ்சை அது கொல்லாது. மருந்தொன்றே சுகாதாரம் என்னும் எண்ணமும் இவ்வாறு ஒரு தவறாயிற்று. இத்தவறு தொழிலாளருடையதன்று.

இவ்வறிவு மக்களை அடைவதற்கு மொழி தடையாயிருந்தது எனச் சிலர் கூறுவதுண்டு. அதுவும் ஆராயத்தக்கதே. 1847இல் யாழ்ப்பாணத்திற்கு வந்து மானிப்பாயில் வைத்தியம் செய்த சாமுவேல் பிஸ்க் கிறீன் என்னும் அமெரிக்க வைத்தியர், 1860களில் தம் மாணவருக்குத் தமிழிலேயே மேலைநாட்டு வைத்தியத்தைக் கற்பிக்கத் தொடங்கினார். "இரண வைத்தியம்" 1867இலும், இரசாயன நூலான "கெமிஸ்தம்" 1875இலும் அச்சாயின. கொத்தார்ட் சுரங்கத் தொழிலாளர் குடலிற் புழு கண்டறியப்படுவதற்கு முன்னரே, இரசாயனம் தமிழிற் பேசத் தொடங்கிவிட்டது. குறை மொழியில் இல்லை. எழுத்தறிவிக்கும் பள்ளி லயன் அறைகளுக்கு அருகே நெடுங்காலம் இல்லாதிருந்தமையிலேதான் இருந்தது.

மூன்றாவது கதை தேநீரைப் பற்றியது. கொழுந்தை வாட்டி, உருளையில் அரைத்து, பரப்பிவைக்கும்போது பச்சை நிறம் மாறிச் செப்பு நிறம் தோன்றும். கள் புளிப்பதுபோல் இதுவும் கிருமிகளால் நிகழும் புளிப்பு என்று முற்காலத்தோர் எண்ணினர். ஆங்கிலத்திலும் தமிழிலும் அப்பெயரே நிலைத்துவிட்டது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அசாமிலும் யப்பானிலும் நடந்த ஆராய்ச்சிகள் வேறு உண்மையைக் காட்டின. இலையின் கலங்கள் நசுங்கும்போது, தனித்தனியே இருந்த நொதியமும் பொலிபீனோல் என்னும் பொருள்களும் கலக்கின்றன. காற்றின் ஒட்சிசன் அவற்றோடு சேர்கின்றது. வெட்டிவைத்த வாழைக்காய் கறுப்பதும் இவ்வகை மாற்றமே. இது ஒட்சியேற்றமேயன்றிப் புளிப்பன்று. 1925இல் அமைந்த இலங்கைத் தேயிலை ஆராய்ச்சி நிறுவனம் இத்தகைய அறிவைத் தோட்டங்களுக்குக் கொண்டு சென்றது.

தேயிலையிலுள்ள துவர்ப்புப் பொருளுக்கும் தோல் பதனிடும் பொருளுக்கும் ஒரே பெயர் வழங்கியமையால், தேநீர் இரைப்பையைத் தோலாக்கிவிடும் என்று மேனாட்டில் அஞ்சினோர் உண்டு. இரண்டும் வெவ்வேறு சேர்க்கைகள்; அவ்வச்சம் வீண். தேநீர் குடித்தால் மேனி கறுக்கும் என்பதும் அவ்வாறே. நிறம் தோலிலுள்ள நிறப்பொருளைப் பொறுத்தது; சாயத்தண்ணி அங்கே சென்று படிவதில்லை.

ஆனால் ஒரு பழஞ்சொல்லை முற்றிலும் தள்ளிவிட இயலாது. "தேத்தண்ணி இரத்தத்தை உறிஞ்சிவிடும்" என்று தோட்டத்து மூதாட்டியர் கூறுவதுண்டு. தேநீர் குருதியை உறிஞ்சுவதில்லை. எனினும் உணவோடு சேர்த்துக் குடித்தால், அதன் பொலிபீனோல்கள் தானியத்திலும் கீரையிலுமுள்ள இரும்பைப் பற்றிக்கொண்டு, உடல் அதனை ஏற்கவிடாது தடுக்கின்றன. தென்னாபிரிக்காவில் செய்யப்பட்டு 1975இல் வெளியான ஆய்வொன்று இதனை அளந்து காட்டிற்று. பாண்டு நோய்க்கு அயச்செந்தூரம் கொடுத்த சித்த வைத்தியரும் இரும்பின் தேவையை அனுபவத்தால் உணர்ந்தவரே. பழையது யாவும் பொய்யன்று. புதியது யாவும் மெய்யன்று. சோதனையில் நிற்பதே மெய்.

காலையில் ரொட்டியோடு சாயத்தண்ணி குடித்துவிட்டு மலையேறும் பெண்ணுக்கு இவ்வறிவு ஏட்டுச் செய்தியன்று. தாய்மைக் காலத்தில் கிளினிக்கில் கிடைக்கும் இரும்பு மாத்திரையைத் தேநீரோடு விழுங்காது நீரோடு விழுங்குவதும், தேநீரை உணவுக்கு ஒரு மணி நேரம் தள்ளிக் குடிப்பதும், உணவோடு எலுமிச்சையோ நெல்லியோ சேர்ப்பதும் செலவில்லாத செயல்கள். காலணியும் மலசலகூடமும் மட்டும் செலவுடையவை. அவற்றை அவளுக்கு மட்டும் உரிய கடமையாகக் கூறிவிடுதல் பழைய பிழையையே மீண்டும் செய்வதாகும்.

கோப்பி மரம் வாடியபோது மண்ணைப் பழித்தனர். மனிதர் வாடியபோது அவர்தம் மனத்தைப் பழித்தனர். மண் பேசவில்லை, மனிதர் பேசியும் எவரும் கேட்கவில்லை. இன்றும் சோகையால் மூச்சிரைத்துக் கொழுந்துக்கூடையை இறக்கிவைக்கும் ஒருத்தியைக் கண்டு, "சோம்பேறி" என்னும் சொல் எவர் நாவிலேனும் எழுமாயின், அச்சொல்லுக்கு வயது நூறாண்டுக்கு மேல் என்பதையும், அது பொய்யென நிறுவப்பட்டு நெடுங்காலமாயிற்று என்பதையும் அவர் நினைத்துப் பார்த்தல் வேண்டும்.