தூக்கியவர், தொட்டவர், தள்ளி உட்கார்ந்தவர்

காடாம்புலியூர்ப் பக்கம் கைக்குழந்தைக்கு இழுப்பு வந்தால் முதலில் பண்ருட்டி. கேட்காவிட்டால் கடலூர் பெரியாஸ்பத்திரி, இல்லையென்றால் புதுச்சேரி ஜிப்மர். வயிற்றுப்போக்குக்குச் சேர்த்த பிள்ளை சளியோடு வீடு திரும்பினால், "ஆஸ்பத்திரியிலதான் ஒட்டிக்கிச்சு" என்பார்கள் பெரியவர்கள். அது வெறும் புலம்பல் இல்லை.

சிம்பன்ஸிகளிடம் 1956இல் கண்டறியப்பட்ட ஆர்எஸ்வி வைரஸை, ராபர்ட் சானக் 1957இல் குழந்தைகளிடமும் கண்டார். வேலூர் சிஎம்சியில் ஜேக்கப் ஜான் குழுவினர் தேடியபோதும், குழந்தைகளின் மூச்சுத் தொற்றில் முன்னால் நின்றது இதுதான்.

அமெரிக்காவின் ராச்செஸ்டரில் கரோலின் ஹால் ஒரு வார்டைக் கவனித்து 1975இல் எழுதினார். இந்த வைரஸ் இல்லாமல் சேர்ந்த 44 குழந்தைகளில் 14 பேருக்கு வார்டிலேயே தொற்றியது. ஊழியர்கள் 24 பேரில் 10 பேருக்கு.

எப்படிப் போகிறது? 1981இல் அதற்கும் விடை சொன்னார். நோயுற்ற குழந்தையைத் தூக்கிக் கொஞ்சிய 7 பேரில் 5 பேருக்கு வந்தது. குழந்தை இல்லாத நேரத்தில் கட்டிலைத் தொட்டு, அதே கையால் மூக்கையும் கண்ணையும் தொட்ட 10 பேரில் 4 பேருக்கு. ஆறடி தள்ளிச் சும்மா உட்கார்ந்திருந்த 14 பேரில் ஒருவருக்கும் இல்லை.

தட்டம்மை மாதிரி இது அறை முழுக்கக் காற்றில் பறப்பதில்லை. பெரும்பாலும் கையில் போகிறது.

வார்டில் கூட்டம் என்றால் முதல் திட்டு அம்மாவுக்குத்தான் விழும். ஆனால் அவள் பெரும்பாலும் ஒரே குழந்தையைத்தான் தொடுகிறாள். கட்டில் கட்டிலாகப் போவது வேலை செய்கிறவர்களின் கை. அவர்களையும் குறை சொல்லிப் பயனில்லை. தூக்காமல், தொடாமல் எந்தக் குழந்தையையும் பார்த்துக்கொள்ள முடியாது. ஒரு கட்டிலுக்கும் அடுத்த கட்டிலுக்கும் நடுவே கை கழுவ வசதியும், கழுவ நேரமும் இருக்கிறதா என்பதுதான் கேள்வி.