வீட்டுப் பராமரிப்பைக் கேள்வி கேட்பது யார்? சேத்தூரை முன்வைத்துச் சில வாதங்கள்

ராஜபாளையத்திலிருந்து தென்காசி செல்லும் சாலையில் உள்ள சேத்தூர் ஒரு பேரூராட்சி. தெருவிளக்குக்கும் குடிநீருக்கும் குப்பைக்கும் இத்தகைய மன்றங்கள் தீர்மானம் போடுகின்றன, ஒப்பந்தப்புள்ளி கோருகின்றன. விளக்கு எரியாவிட்டால் வார்டு உறுப்பினர் கூட்டத்தில் எழுந்து கேட்கிறார். அதே தெருவில் பக்கவாதம் வந்து படுத்திருப்பவர் வீட்டுக்குச் செவிலியர் வந்தாரா என்ற கேள்வி மட்டும் அந்தக் கூட்டத்துக்கு வருவதில்லை. வீட்டுப் பராமரிப்பை மாநிலத் துறைகளே நடத்தட்டும். அது நடந்ததா என்று கேட்கும் அதிகாரம் பேரூராட்சி மன்றத்துக்கு வேண்டும் என்பதே இக்கட்டுரையின் வாதம்.

தேவை பெருகிவருகிறது. 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் ஏறத்தாழ 10.4 விழுக்காட்டினர் அறுபது வயதைக் கடந்தவர்கள். 2031இல் இது 18 விழுக்காட்டைத் தாண்டும் என்பது மத்திய அரசின் வல்லுநர் குழு மதிப்பீடு. நூற்பாலைகள் நிறைந்த ராஜபாளையம் வட்டாரத்தில் மகனும் மருமகளும் ஷிப்டுக்குப் போகும் வீடுகள் ஏராளம். படுத்த படுக்கையானவரை இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்க வேண்டும். தவறினால் இடுப்பெலும்பின் மேல் தோல் சிவக்கும், பிறகு புண்ணாகும். சிறுநீர்க் குழாயை உரிய காலத்தில் மாற்றாவிட்டால் காய்ச்சல் வரும். காயத்துக்குக் கட்டும் பேண்டேஜ் துணி பக்கத்துச் சத்திரப்பட்டியிலேயே நெய்யப்படுகிறது. கட்டிவிட ஆள்தான் கிடைப்பதில்லை.

இந்த இடைவெளியை நிரப்ப வந்ததே 2021 ஆகஸ்ட் 5 அன்று கிருஷ்ணகிரி மாவட்டம் சாமனப்பள்ளியில் தொடங்கிவைக்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’. மகளிர் சுய உதவிக் குழுக்களிலிருந்து தேர்ந்தெடுக்கப்பட்ட சுகாதாரத் தன்னார்வலர்கள் வீடு தேடிச் சென்று ரத்த அழுத்தமும் சர்க்கரையும் பார்க்கிறார்கள், மாத்திரை கொடுக்கிறார்கள். இயன்முறை மருத்துவரும் ஆதரவு சிகிச்சைச் செவிலியரும் வட்டார அளவில் இயங்குகிறார்கள். திட்டத்தின் பயன் மறுக்க முடியாதது. ஆனால் ஆளெடுப்பு, ஊக்கத்தொகை, மருந்து, பதிவு எல்லாம் துறை வழியே மேலிருந்து வந்து, கணக்காக மேலேயே திரும்பிப் போகின்றன. எத்தனை பேருக்கு மாத்திரை போய்ச் சேர்ந்தது என்பதை அந்தக் கணக்கு சொல்லும். புண் ஆறியதா என்பதை அந்தத் தெருதான் சொல்ல முடியும்.

அப்படியானால் சேவையையே உள்ளாட்சியிடம் ஒப்படைத்துவிடலாமா? இங்கிலாந்தின் அனுபவம் எச்சரிக்கை தருகிறது. 1990ஆம் ஆண்டுச் சட்டத்துக்குப் பின் அங்கே உள்ளாட்சி மன்றங்கள் பராமரிப்பைத் தனியார் நிறுவனங்களிடம் விலைக்கு வாங்கத் தொடங்கின. 2014ஆம் ஆண்டுப் பராமரிப்புச் சட்டம் அந்தச் சந்தையைச் சீராக வைத்திருக்கும் கடமையையும் அவற்றின் தலையில் வைத்தது. தரத்தை ஆய்வு செய்வதோ வேறொரு ஆணையம். நிதி இறுகியபோது ஒருவர் வீட்டில் செலவிடும் நேரம் கால் மணி நேரமாகச் சுருங்கியது. அரை மணிக்குக் குறைந்த வருகை விதிவிலக்காகவே இருக்க வேண்டும் என்று 2015இல் தேசிய வழிகாட்டுதலே வெளியிட நேர்ந்தது. பணம் இல்லாத மன்றம் ஒப்பந்தம் போட்டால் நோயாளியின் நேரத்தில்தான் வெட்டு விழும்.

மலைக்கு அப்பால் கேரளம் வேறு பாதையில் சென்றது. 2008இல் ஆதரவு சிகிச்சைக்கென அரசுக் கொள்கை வகுத்த முதல் மாநிலம் அது. அங்கே ஊராட்சியின் திட்ட நிதியிலிருந்து வீடு தேடிச் செல்லும் செவிலியருக்கும் வாகனத்துக்கும் செலவு செய்யப்படுகிறது. ஆனால் 1996இல் மக்கள் திட்ட இயக்கம் வழியே திட்ட நிதியில் மூன்றில் ஒரு பங்குக்கு மேல் உள்ளாட்சிக்குப் போனதே இதற்கு அடிப்படை. அந்த நிதி வலு நம் பேரூராட்சிகளுக்கு இல்லை.

ஆகவே கண்காணிப்பிலிருந்து தொடங்குவதே நடைமுறைக்கு ஒத்தது. இதற்குச் சட்ட இடமும் உண்டு. அரசியலமைப்பின் பன்னிரண்டாம் அட்டவணை பொதுச் சுகாதாரத்தையும், மாற்றுத்திறனாளிகள் உள்ளிட்ட நலிந்த பிரிவினரின் நலன் காப்பதையும் நகர்ப்புற உள்ளாட்சிக்குரிய பணிகளாகக் குறிக்கிறது. 2025 ஏப்ரலில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் நிறைவேற்றிய திருத்தம் மாற்றுத்திறனாளிகளை நியமன உறுப்பினர்களாக மன்றத்துக்குள் கொண்டுவருகிறது. அந்த உறுப்பினர் தலைமையில் ஒரு குழு அமைக்கலாம். வீட்டோடு முடங்கியவர்களின் வார்டு வாரிப் பட்டியலை அது சரிபார்க்கட்டும். மூன்று மாதத்துக்கு ஒருமுறை வட்டார மருத்துவ அலுவலர் மன்றத்துக்கு வந்து பதில் சொல்லட்டும். தன்னார்வலரின் ஊக்கத்தொகை பாக்கியும் அங்கேயே பேசப்படட்டும்.

பட்டியலில் கட்சியும் சாதியும் புகும் என்பது நியாயமான அச்சம். அதனால்தான் பெயர் சேர்க்கும் உரிமை மன்றத்துக்கு வேண்டாம் என்கிறோம்: சேர்ப்பது செவிலியர், விடுபட்டதைச் சுட்டுவது மட்டும் மன்றம். நோயாளியின் பெயரும் நோயும் குழுவைத் தாண்டக் கூடாது. கூட்டத்தில் எண்ணிக்கையும் குறையும் மட்டுமே பேசப்பட வேண்டும். வார்டு உறுப்பினருக்கு மருத்துவம் தெரியாது என்பது இன்னொரு மறுப்பு. மருந்தின் அளவை அவர் கேட்கப்போவதில்லை. செவிலியர் வந்தாரா, எத்தனை நாள் இடைவெளியில் வந்தார் என்று கேட்க மருத்துவப் படிப்பு தேவையில்லை.

வேலை உறுதிச் சட்டம் 2005இல் கிராம சபைக்குச் சமூகத் தணிக்கை உரிமையைத் தந்தது. பேரூராட்சிக்காரர்களுக்குக் கிராம சபையே இல்லை. நூறு நாள் வேலைக்குப் பொருந்திய நியாயம் படுக்கையில் கிடப்பவருக்கும் பொருந்தும். இதற்குப் புதிய நிதி ஒதுக்கீடு தேவையில்லை. மன்றத்தின் அலுவல் பட்டியலில் ஒரு பொருளைச் சேர்க்க ஓர் அரசாணை போதும்.