சாங்கிச் சிறையில் தைத்த பெயர்கள்



பழைய சேலைகளைத் துண்டு துண்டாக வெட்டி என் பாட்டி தைத்த போர்வை ஒன்று எங்கள் வீட்டில் நெடுங்காலம் இருந்தது. தோட்டத்து லயங்களில் அத்தகைய போர்வை இல்லாத வீடுகள் குறைவு. மலாய்க்காரர்கள் அதனைச் ‘செலிமுட் பெர்ச்சா’ என்பர். ஆங்கிலத்தில் ‘கில்ட்’ என்பர். நாம் ஒட்டுப்போர்வை என்போம். அதனை வறுமையின் அடையாளமாகவே நான் எண்ணியிருந்தேன். சிங்கப்பூர்ச் சாங்கிச் சிறையில் 1942ஆம் ஆண்டு பெண்கள் கூடித் தைத்த மூன்று போர்வைகளின் வரலாற்றை அறிந்த பிறகு அவ்வெண்ணம் மாறியது. அதனையே இன்று உங்களோடு பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

1942 பிப்ரவரி 15ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிரித்தானிய, ஆஸ்திரேலியப் படைவீரர்கள் ஏறத்தாழ 50,000 பேர் சாங்கி வட்டாரத்துப் பாசறைகளுக்கு நடத்திச் செல்லப்பட்டனர். காயமுற்றோரும் நோயுற்றோரும் அங்கிருந்த ராபர்ட்ஸ் பாசறை மருத்துவமனையில் கிடந்தனர். படையைச் சேராத ஐரோப்பியரும் பிறரும் தனியே காவலில் வைக்கப்பட்டனர். அவர்களுள் பெண்களும் குழந்தைகளும் மார்ச் 8ஆம் நாள் காத்தோங்கிலிருந்து சாங்கிச் சிறை வரை ஏழெட்டு மைல் வெயிலில் நடந்தனர். தளர்ந்த கால்களோடு, ஆனால் பாடிக்கொண்டே அவர்கள் சிறைக்குள் நுழைந்தனர் என்பது வரலாறு.

சாங்கிச் சிறை 1936ஆம் ஆண்டு ஏறத்தாழ 600 கைதிகளுக்கெனக் கட்டப்பட்டது. அதற்குள் 2,400 பேர் வரை அடைக்கப்பட்டனர். பெண்களும் குழந்தைகளும் ஏறக்குறைய 400 பேர். ஆண்கள் மதிலுக்கு அப்பால் வேறு பகுதியில் இருந்தனர். படையில் இருந்த கணவன்மாரோ பாசறைகளில் இருந்தனர். கணவன் உயிரோடு இருக்கிறானா என்று மனைவிக்குத் தெரியாது; மனைவி கப்பலேறித் தப்பினாளா, கடலில் மாண்டாளா, சிறையில் இருக்கிறாளா என்று கணவனுக்கும் தெரியாது. கடிதத் தொடர்புக்கு வழியில்லை. பசியைவிட இந்த அறியாமையே அவர்களைப் பெரிதும் வாட்டியது.

அந்நிலையில் ஒரு வழி கண்டவர் எதல் மல்வெனி. கனடாவின் மனிடூலின் தீவைச் சேர்ந்தவர். ஒரு படை மருத்துவரின் மனைவி. பெண்கள் முகாமில் செஞ்சிலுவைச் சங்கத்தின் சார்பாளராகச் செயற்பட்டவர். மருத்துவமனையில் இருக்கும் காயமுற்ற வீரர்களுக்குப் போர்வை தைத்துக் கொடுப்போம் என்றார் அவர். போர்வைகள் மூன்று: ஒன்று பிரித்தானிய வீரர்களுக்கு, ஒன்று ஆஸ்திரேலிய வீரர்களுக்கு, மற்றொன்று காயமுற்ற ஜப்பானிய வீரர்களுக்கு!

தைக்க முன்வந்த ஒவ்வொரு பெண்ணுக்கும் ஆறங்குலச் சதுரத்தில் ஒரு வெள்ளைத் துணித் துண்டு கொடுக்கப்பட்டது. “உங்களைப் பற்றி ஏதேனும் இதில் தையுங்கள்; உங்கள் பெயரையும் தையுங்கள்” என்பதே வேண்டுகோள். அத்தகைய துண்டுகள் 66 சேர்ந்தால் ஒரு போர்வை. மூன்று போர்வைகளுக்கும் 198 துண்டுகள். துணியும் நூலும் அரிதாக இருந்த இடத்தில், கையில் கிடைத்தவற்றைக் கொண்டு அவர்கள் ஒன்றாக அமர்ந்து தைத்தனர். ஊசி பிடிக்கத் தெரிந்தவர் தெரியாதவருக்குக் காட்டிக் கொடுத்தார்.

அத்துணிகளில் என்னவெல்லாம் இருக்கின்றன? பூக்கள், பறவைகள், கொடிகள், ஊரில் விட்டுவந்த வீடு ஆகியவை ஒருபுறம். தம்மை அடைத்துவைத்த சிறையையே நகைச்சுவையாகத் தைத்தவர்களும் உண்டு. ஆஸ்திரேலியத் தந்தைக்குப் பிறந்து மலாயாவில் வளர்ந்த ஷீலா ஆலன் என்னும் 17 வயதுப் பெண், ஆஸ்திரேலிய நாட்டுப் படத்தையும் ஒரு கங்காருவையும் தைத்தார். சிறையில் அவர் மறைவாக எழுதிய நாட்குறிப்பு 1994ஆம் ஆண்டு நூலாக வெளிவந்தது.

இவ்வளவுக்கும் மேலாக, துண்டுகளில் இருந்த பெயர்களே முதன்மையானவை. போர்வை மருத்துவமனையை அடைந்தால், அங்கே படுத்திருப்பவர் அதனைப் படிப்பார். ஒருவர் வாயிலிருந்து மற்றவர் செவிக்குப் பெயர்கள் செல்லும். “உன் மனைவி உயிரோடு இருக்கிறாள்” என்னும் செய்தி ஒரு தையலில் அடங்கிவிடும். காவலர் கண்ணுக்கு அது வெறும் போர்வை; கணவன் கண்ணுக்கோ அது கடிதம்.

இம்முயற்சிக்கு முன்னோடியாக ஒரு சிறுவர் கதையும் உண்டு. சிறைக்குள் எலிசபெத் என்னிஸ் என்னும் செவிலியர், சிறுமியரைச் சேர்த்துச் சாரணியர் குழு ஒன்றை நடத்தி வந்தார். 8 முதல் 16 வயது வரையிலான அச்சிறுமியர் ஏறத்தாழ இருபது பேர். தம் தலைவிக்குப் பிறந்தநாள் பரிசாக, அவருக்குத் தெரியாமல் அறுகோணத் துணித் துண்டுகளைப் பூப்பூவாக இணைத்து, தம் பெயர்களோடு ஒரு போர்வை தைத்தனர். அதுவே பெரியவர்களுக்குத் தூண்டுதலாக அமைந்தது என்பர். அச்சிறுவர் போர்வை இன்று இலண்டனில் உள்ள பேரரசுப் போர் அருங்காட்சியகத்தில் இருக்கிறது.

பகைவனுக்கும் ஒரு போர்வை எதற்கு என்று வகுப்பில் மாணவர்கள் தவறாமல் கேட்பார்கள். ஜப்பானியருக்கும் ஒன்று கொடுத்தால்தான் மற்ற இரண்டையும் அனுப்ப இசைவார்கள் என்பதால் செய்த தந்திரம் அது என்று கருதுவோர் உளர். அதில் உண்மை இருக்கலாம். ஆயினும் அப்போர்வையின் வாசகத்தைப் பாருங்கள். சாங்கி முகாம் பெண்கள், காயமுற்ற ஜப்பானிய வீரர்களின் துன்பத்திற்கு இரங்கி அதனை வழங்குவதாக அது கூறுகிறது. ஆண்டு 2602 எனத் தைக்கப்பட்டுள்ளது. அது ஜப்பானியப் பேரரசு ஆண்டுக் கணக்கு, நம் 1942. தந்திரம் மட்டுமாயின் வாசகத்தோடு நிறுத்தியிருக்கலாம். அதற்கும் 66 துண்டுகளை, மற்றவற்றுக்குச் செலவிட்ட அதே உழைப்போடு தைத்தனர். வலி எந்த நாட்டவனுக்கும் வலிதான் என்பதைச் சிறையிலிருந்த அவர்கள் அறிந்திருந்தனர். அறிவும் இரக்கமும் ஒரே ஊசியில் கோத்த இரு நூல்களாக இருந்தன என்பதே என் கருத்து.

போர்வைகள் மருத்துவமனையைச் சென்றடைந்தன. ஆனால் சிறைவாழ்வு மேலும் கொடியதாயிற்று. 1943 அக்டோபர் 10ஆம் நாள் கெம்பித்தாய் என்னும் ஜப்பானிய இராணுவக் காவல்படை சிறையைச் சோதனையிட்டது. பலரைப் பிடித்துச் சென்று வதைத்தது; பலர் மாண்டனர். 1944இல் கைதிகள் சைம் சாலை முகாமுக்கு மாற்றப்பட்டனர். ஷீலா ஆலனின் தந்தை விடுதலையைக் காணாமலே முகாமில் இறந்தார். எதல் மல்வெனி உடலும் மனமும் நலிந்து ஊர் திரும்பினார். எனினும் அவர் ஓயவில்லை. பசியை மறக்கச் சிறைப் பெண்கள் நினைவிலிருந்து சொல்லிச் சொல்லி எழுதிய சமையற்குறிப்புகளை 1946இல் நூலாக அச்சிட்டு, 20,000 படிகள் விற்று, 18,000 டாலர் திரட்டினார். அப்பணமும் மருத்துவமனைகளில் இருந்த முன்னாள் போர்க்கைதிகளுக்கே சென்றது.

ஆஸ்திரேலியப் போர்வையும் ஜப்பானியப் போர்வையும் கான்பெராவில் உள்ள ஆஸ்திரேலியப் போர் நினைவகத்தில் உள்ளன. பிரித்தானியப் போர்வை பிரித்தானியச் செஞ்சிலுவைச் சங்கத்திடம் உள்ளது. பழைய சாங்கிச் சிறை 2004ஆம் ஆண்டு இடிக்கப்பட்டது. நுழைவாயிலும் மதிலின் ஒரு பகுதியும் இரு காவற்கோபுரங்களும் மட்டும் எஞ்சியுள்ளன. கல்லாலான சிறை போயிற்று. துணியாலான போர்வை நிற்கிறது!

இவ்விடத்தில் நம்மவரை எண்ணாமல் இருக்க இயலவில்லை. சாங்கியில் இருந்த போர்க்கைதிகளுள் பல்லாயிரவர் 1942 முதல் சயாம் மரண இரயில் பாதை போடக் கொண்டுசெல்லப்பட்டனர். அதே பாதைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து நம் தமிழர்களும் பல்லாயிரக்கணக்கில் கொண்டுசெல்லப்பட்டனர். மாண்ட போர்க்கைதிகளுக்குக் காஞ்சனபுரியில் பெயர் பொறித்த கற்கள் வரிசை வரிசையாக நிற்கின்றன. மாண்ட தமிழ்த் தொழிலாளர்களுள் மிகப் பெரும்பாலோருக்குக் கல்லும் இல்லை, பெயரும் இல்லை. அவர்களுக்காகக் காத்திருந்த மனைவியருக்குச் செய்தி சொல்ல ஒரு துண்டுத் துணியும் வந்து சேரவில்லை. சாங்கிப் பெண்களின் துயரைக் குறைத்துச் சொல்வது என் நோக்கமன்று. ஒரு பெயர் எழுதப்படுவதற்கும் எழுதப்படாமற் போவதற்கும் உள்ள வேறுபாட்டை அப்போர்வைகளே எனக்குக் கற்பித்தன.

ஆகவே இப்பாடம் முடிந்ததும் நான் மாணவர்களிடம் ஆறங்குலத் தாள் ஒன்றைக் கொடுப்பதுண்டு. வீட்டுக்குச் சென்று, தம் குடும்பத்தில் ஜப்பானியர் காலத்தில் வாழ்ந்த ஒருவரின் பெயரைக் கேட்டறிந்து எழுதி வருமாறு சொல்வேன். சிலர் பெயரோடு கதையும் கொண்டு வருவர். சிலர் வெறுந்தாளோடு திரும்புவர். “பாட்டிக்கே தெரியவில்லை, ஐயா” என்பர். அந்த வெறுந்தாள்களையும் மற்றவற்றோடு சேர்த்தே வகுப்புச் சுவரில் ஒட்டுகிறேன்.

உங்கள் வீட்டிலும் மூத்தோர் இருப்பின் இன்றே கேட்டு எழுதி வையுங்கள், நண்பர்களே. ஆறங்குல இடம் போதும்.