எலுமிச்சையில் மீண்ட சிவப்பு

இங்கிலாந்தின் லெஸ்டர்ஷயர் பகுதியில் நவம்பர் முதல் மார்ச் வரை நரிவேட்டைக் காலம். மழையும் சேறும் அதே மாதங்களில்தான். வேலி தாண்டும் குதிரை வாரி இறைக்கும் சகதி, அதன் கழுத்திலிருந்து வழியும் வியர்வை, சவாரிக்காரரின் சொந்த வியர்வை என எல்லாம் சேர்ந்து வேட்டைக்காரர்களின் புகழ்பெற்ற சிவப்புக் கோட்டில் இறங்கும். ஒரு பருவம் முடிவதற்குள் தோளும் முன்கையும் நாவல்பழ நிறத்துக்குத் திரும்பிவிடும். 'வெளுத்துவிட்டது' என்று சொல்வது வழக்கம். ஆனால் அது வெளுப்பதில்லை. நிறம் வேறொன்றாக மாறுகிறது. அதனால்தான் பழைய பணியாட்களால் அதைத் திருப்பிக் கொண்டுவர முடிந்தது.

அவர்கள் கையாண்ட மருந்து புளிப்பு. கோட்டைக் காயவைத்துச் சேற்றைத் தூரிகையால் தட்டி எடுத்தபின், எலுமிச்சைச் சாற்றையோ, திராட்சை மதுப் பீப்பாயின் அடியில் படியும் டார்டார் உப்பின் கரைசலையோ பஞ்சால் ஒற்றுவார்கள். ஊதா கலந்த இடம் மறுபடி சிவக்கும். நம் வீட்டில் வேட்டியில் பட்ட மஞ்சள் கறை சோப்புத் தண்ணீரில் சிவந்து, எலுமிச்சை பட்டதும் மஞ்சளாகத் திரும்புகிறதே, கிட்டத்தட்ட அதே வித்தைதான். குதிரை வியர்வை காரத்தன்மை உள்ளது. சுண்ணாம்பு கலந்த சேறும் அப்படியே. காரம் பட்டால் அந்தச் சிவப்பு ஊதாப் பக்கம் சாயும், அமிலம் பட்டால் ஆரஞ்சுப் பக்கம் மீளும்.

இப்படிச் சாயும் சிவப்பு, கொச்சினீல் என்ற பூச்சியிலிருந்து வந்தது. மெக்சிகோவின் ஓஹாகா பகுதியில் சப்பாத்திக்கள்ளி மேல் ஒட்டி வாழும் சின்னஞ்சிறு பூச்சி அது. பெண்பூச்சிகளைச் சுரண்டியெடுத்து உலர்த்துவார்கள். ஒரு பவுண்டு சாயத்துக்குச் சுமார் 70,000 பூச்சிகள் வேண்டும். ஸ்பெயின் இந்த வியாபாரத்தை இரு நூற்றாண்டுகளுக்கு மேல் தன் கைக்குள் வைத்திருந்தது. மெக்சிகோவிலிருந்து கப்பலேறிய சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்குத்தான்.

ஆனால் பூச்சி மட்டும் இருந்தால் வேட்டைக்காரரின் சிவப்பு கிடைத்துவிடாது. படிகாரம் சேர்த்துக் கம்பளியைத் தோய்த்தால் வருவது நீலம் தட்டிய கருஞ்சிவப்பு. கண்ணைப் பறிக்கும் அந்தத் தீச்சிவப்புக்கு வெள்ளீயம் தேவை. 17-ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லண்டனில் வாழ்ந்த டச்சுக்காரர் கொர்னேலியஸ் ட்ரெபல், நீர்மூழ்கிப் படகு கட்டிப் பெயர் வாங்கியவர். கொச்சினீல் கரைசலில் தற்செயலாக வெள்ளீயம் கரைந்த அமிலம் கலந்துபோய் இந்த நிறம் பிறந்தது என்பது அவர் பெயரில் வழங்கும் கதை. கதை எவ்வளவு நிஜமோ, அவருடைய மருமகன்களான குஃப்ளர் சகோதரர்கள் லண்டனை அடுத்த போ என்ற ஊரில் இந்தச் சாயத்தைத் தொழிலாகவே நடத்தினார்கள். பிறகு க்ளஸ்டர்ஷயரின் ஸ்ட்ரவுட் பள்ளத்தாக்கு இந்த நிறத்துக்குப் பேர்போன இடமாயிற்று. சாயம் தோய்த்த நீளநீளமான கம்பளித் துணிகளைச் சட்டங்களில் இழுத்துக் கட்டி அங்கே மலைச்சரிவெங்கும் உலர்த்தினார்கள். பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் சிவப்பு இங்கிருந்தும் போனது. சாதாரணச் சிப்பாய்க்கு நெடுங்காலம் மஞ்சிட்டி வேரின் மலிவான, மங்கிய சிவப்புதான். சிவப்பிலும் மேல் கீழ் இருந்தது.

எட்வர்ட் பேன்க்ராஃப்ட் என்பவரையும் இங்கே சொல்லாமல் விடக் கூடாது. அமெரிக்கச் சுதந்திரப் போரின்போது பாரிஸில் பெஞ்சமின் ஃப்ராங்க்ளினின் கூடவே இருந்துகொண்டு, பிரிட்டனுக்கு ரகசியங்களை அனுப்பிய உளவாளி. இன்னொரு முகத்தில் முதல்தரச் சாய ஆராய்ச்சியாளர். 1794-இல் வெளிவந்த தமது சாய நூலில், தீச்சிவப்பு தனி நிறமே இல்லை, கருஞ்சிவப்போடு மஞ்சள் சேர்ந்ததுதான் என்று வாதிட்டார். அப்படியானால் பூச்சியைக் குறைத்து, அமெரிக்கக் கருவாலி மரப்பட்டையின் மஞ்சள் சாயத்தைக் கலந்து செலவை மிச்சப்படுத்தலாமே என்பது அவர் கணக்கு. அந்தப் பட்டையை இங்கிலாந்தில் இறக்குமதி செய்யும் உரிமை அவரிடமே இருந்தது என்பதையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

கோட்டுக்கான துணியும் அந்த நாட்டின் பருவநிலைக்கேற்பப் பிறந்தது. மெல்டன் மோப்ரே என்ற ஊரின் பெயரால் வழங்கும் மெல்டன் துணி, நெய்தபின் அடித்து இறுக்கிய தடித்த கம்பளி. முள்வேலிக்குக் கிழியாது, மழைநீரைச் சீக்கிரம் உள்ளே விடாது. அதைத் தண்ணீரில் ஊறவைத்துத் துவைக்கவும் கூடாது, சுருங்கிவிடும். ஆகவே தூரிகையும் புளிப்பும் தவிர வேறு வழி இருக்கவில்லை.

வேடிக்கை என்னவென்றால், இவ்வளவு பாடுபட்டு நிறத்தை மீட்டவர்கள் ஒரு பக்கம் இருக்க, மீட்காமல் விட்டவர்களுக்குத்தான் மரியாதை கூடுதல். பளபளக்கும் புதுச்சிவப்பு, நேற்று பணம் வந்து இன்று குதிரை வாங்கியவரின் அடையாளம். இருபது பருவ மழை கண்டு நாவல்பழமாகிப்போன கோட்டு, அந்த ஆள் உண்மையில் வேலி தாண்டியிருக்கிறார் என்பதற்குச் சாட்சி. 19-ஆம் நூற்றாண்டின் வேட்டை நாவலாசிரியர் ஆர். எஸ். சர்டீஸ் தம் பாத்திரங்களைக் கோட்டை வைத்தே எடைபோட்டுக் கேலி செய்தார். எஜமானருக்கு எவ்வளவு சிவப்பு வேண்டும், எவ்வளவு பழமை வேண்டும் என்ற நுட்பத்தை அறிந்த பணியாள்தான் கெட்டிக்காரர்!

இந்தக் கோட்டு நீலகிரிக்கும் ஏறியது. 1840-களில் உருப்பெற்ற ஊட்டி வேட்டைக் குழு, இங்கிலாந்திலிருந்து வேட்டை நாய்களைத் தருவித்தது. புல்வெளியில் விரட்டியது குள்ளநரியை. அந்தப் புல்வெளி, 1890-களில் சென்னை ஆளுநராக இருந்த வென்லாக் பிரபுவின் பெயரால் இன்றும் வென்லாக் டவுன்ஸ் எனப்படுகிறது. வேட்டைக்குத் தலைமை தாங்கியவர்களின் பெயர்ப் பலகைகள் ஊட்டி கிளப் சுவரில் இருக்கின்றன. ஆனால் துணி வெளுப்பதில் தமிழ்நாட்டின் பழைய முறை இந்தச் சிவப்புக்கு நேர் எதிரி. உவர்மண்ணும் வெள்ளாவியும் பருத்தியை வெள்ளை வெளேரென்று ஆக்கும். உவர்மண் என்பதே காரம்தான். கொச்சினீல் கோட்டு ஒன்று அந்த வெள்ளாவித் தாழிக்குள் போனால் ஊதாவாகி, சுருங்கி, பையனுக்குக்கூடப் பற்றாமல்தான் வெளியே வரும்.

அந்தச் சிவப்பைத் தமிழ்நாட்டிலேயே விளைவிக்கும் முயற்சி ஊட்டி வேட்டைக் குழுவுக்கும் அரை நூற்றாண்டு முன்பே நடந்திருக்கிறது. சென்னையில் கிழக்கிந்தியக் கம்பெனி மருத்துவராக இருந்த ஜேம்ஸ் ஆண்டர்சன், 1786-இல் உள்ளூர்ப் புல்லொன்றில் ஒரு பூச்சியைக் கண்டு, கொச்சினீல் கிடைத்துவிட்டது என்று லண்டனில் இருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதம் கடிதமாக எழுதினார். அது அதுவல்ல. மனிதர் விடவில்லை. சைதாப்பேட்டையில் கள்ளித் தோட்டமே போட்டு, உண்மையான பூச்சிக்காகக் காத்திருந்தார். 1795-இல் கேப்டன் நீல்சன் என்பவர் பிரேசிலின் ரியோவிலிருந்து கல்கத்தாவுக்குப் பூச்சிகளைக் கொண்டுவந்தார். அவை சென்னைக்கும் வந்து சேர்ந்தன. வந்தது காட்டு வகை. சாயம் சொற்பம், தரமும் மட்டம். ஸ்பெயினின் வியாபாரம் அசையவில்லை.

பூச்சி செய்தது வேறு வேலை. வேலியாகவும் களையாகவும் பரவிக் கிடந்த ஒரு வகைச் சப்பாத்திக்கள்ளியை அது தின்று தீர்த்தது. அதைப் பார்த்த அதிகாரிகள் 1863-க்குப் பின் தென்னிந்தியாவில் வேண்டுமென்றே அதைப் பரப்பினார்கள். 1865 வாக்கில் இலங்கைக்கும் அனுப்பினார்கள். பூச்சியை ஏவிக் களையை ஒழிக்கும் முறைக்கு உலகின் முதல் எடுத்துக்காட்டுகளில் ஒன்றாக வேளாண் நூல்கள் இன்று சொல்வது இதைத்தான். கோட்டுக்குச் சாயம் தேடப்போய்க் காட்டுக்கு மருந்து கிடைத்த கதை.

ஸ்பெயினின் வியாபாரத்தை வேதியியல் கவிழ்த்தது. 1870-களின் இறுதியில் ஜெர்மன் சாய ஆலைகள் தார் எண்ணெயிலிருந்து வரிசையாகச் சிவப்புகளை வெளியிட்டன. நிலமெல்லாம் கள்ளி நட்டுக் கொச்சினீல் வளர்த்த கேனரித் தீவுகள் அடுத்த பத்தாண்டில் பிழைப்பிழந்தன. புதுச்சாயம் மலிவு. எந்தப் பூச்சியும் சாக வேண்டியதில்லை. ஆனால் பழைய கைமருத்துவம் அதனிடம் பலிக்காது. இந்தச் சிவப்புகளில் பல வெயிலில் உண்மையாகவே வெளுப்பவை. சாய மூலக்கூறே உடைந்துபோன பின் எலுமிச்சை எதை மீட்கும்? கோட்டைப் பிரித்துச் சாயக்காரரிடம் கொடுத்து முழுதாகத் தோய்ப்பதுதான் வழி. தோய்த்தால் உள் துணி ஒரு நிறம், தையல் நூல் ஒரு நிறம் என்று வரும். புதுக் கோட்டு தைப்பதே மேல் என்று பலர் முடிவு செய்திருப்பார்கள்.

நாயை ஏவி நரி வேட்டையாடுவது இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரியில் சட்டப்படி முடிவுக்கு வந்தது. கோட்டுகள் முடிவுக்கு வரவில்லை. நரிக்குப் பதிலாக வாசனைத் தடத்தை நாய்கள் பின்தொடர, சிவப்பணிந்தவர்கள் இன்னும் குதிரையேறுகிறார்கள். அவர்களில் சிலர் அணிவது பரம்பரையாக வந்த கோட்டு. 1880-க்கு முன் தைத்ததாக இருந்தால், ஒரு மூலையில் ஒரு சொட்டு எலுமிச்சை விட்டுப் பார்க்கலாம்.